மேனியா: நோய்ப் பெயர் ஒன்று பங்குச் சந்தைக்கு வந்த கதை

டியூலிப் மேனியா, ரயில்வே மேனியா, பீட்டில்மேனியா... ஆங்கிலத்தில் எதன் பின்னாலும் போய் ஒட்டிக்கொள்ளும் சொல் இந்த 'மேனியா'. நாம் 'கிரிக்கெட் பைத்தியம்', 'சினிமா பைத்தியம்' என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அப்படித்தான். பங்குச் சந்தை வரலாற்றைத் தொட்டாலே இந்தச் சொல் வந்து நிற்கும் என்பதால், பி.காம். படிக்கிற நாம் இதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

சொல்லின் பிறப்பிடம் கிரேக்கம். அங்கே இதற்குப் பைத்தியம், வெறி என்று பொருள். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் மனநோயைக் குறிக்கும் சொல்லாகவே வந்தது. சுமார் 300 ஆண்டுகள் கழித்துத்தான் 'அளவுகடந்த மோகம்' என்ற அர்த்தமும் சேர்ந்தது. 1844இல் ஜெர்மன் கவிஞர் ஹைன்ரிச் ஹைன, பியானோ கலைஞர் லிஸ்டைப் பார்க்க முண்டியடித்த ரசிகர் கூட்டத்தின் வெறிக்கு 'லிஸ்டோமேனியா' என்று பெயர் வைத்தார். 1963இல் பிரிட்டிஷ் பத்திரிகைகள் பீட்டில்ஸ் ரசிகர்களுக்கு இதே சொல்லைப் பயன்படுத்தின.

இசை ரசிகர்களை அப்படிச் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. பணம் போட்டவர்களைச் சொல்லும்போதுதான் சிக்கல்.

1841இல் சார்லஸ் மெக்கே என்ற ஸ்காட்லாந்துக்காரர், கூட்டமாக மனிதர்கள் மதிமயங்கிய கதைகளைத் தொகுத்துப் புகழ்பெற்ற புத்தகம் ஒன்றை எழுதினார். ஹாலந்தில் டியூலிப் கிழங்குகளின் விலை வானத்துக்குப் போய் 1637இல் விழுந்த கதை அதில் இருக்கிறது. தேசமே திவாலானது போல எழுதியிருந்தார். ஆனால் டச்சு ஆவணங்களைத் துருவிப் பார்த்த வரலாற்றாசிரியர் ஆன் கோல்ட்கர், 2007இல் வெளிவந்த தன் நூலில் வேறு படத்தைக் காட்டினார். வசதியான வியாபாரிகளும் கைவினைஞர்களும் அடங்கிய ஒரு சிறு வட்டத்துக்குள்தான் அந்த வியாபாரம் நடந்தது. அதனால் ஓட்டாண்டியான ஆள் என்று அவருக்கு ஒருவர்கூடக் கிடைக்கவில்லை!

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. மெக்கே புத்தகம் வந்து நான்கே ஆண்டுகளில் பிரிட்டனில் 'ரயில்வே மேனியா' வெடித்தது. 1846இல் மட்டும் 272 ரயில்வே சட்டங்களுக்குப் பாராளுமன்றம் ஒப்புதல் தந்தது. அப்போது மெக்கே கிளாஸ்கோவில் ஒரு பத்திரிகைக்கு ஆசிரியர். கூட்ட மயக்கத்தைப் பற்றிப் புத்தகமே எழுதியவர், பயப்பட ஒன்றுமில்லை என்று தலையங்கம் எழுதிக்கொண்டிருந்தார்! கணிதவியலாளர் ஆண்ட்ரூ ஓட்லிஸ்கோ அந்தப் பழைய இதழ்களைப் படித்து இதை வெளியே கொண்டுவந்தார். 1852இல் வந்த மறுபதிப்பில், ரயில்வே மேனியாவுக்கு மெக்கே கொடுத்த இடம் ஓர் அடிக்குறிப்பு.

அப்படியானால் ரயில்வே பங்கு வாங்கியவர்கள் எல்லாம் பைத்தியங்களா? எழுத்தாளர்களான பிராண்டி சகோதரிகளை எடுத்துக்கொள்வோம். யார்க் அண்ட் நார்த் மிட்லண்ட் ரயில்வேயில் அவர்களுக்குப் பங்குகள் இருந்தன. எமிலி பத்திரிகைகளில் ரயில்வே பற்றி வரும் செய்தி, விளம்பரம் எதையும் விடாமல் படிப்பவர். சார்லட்டுக்கோ விற்றுவிட்டால் தேவலை என்ற பயம். தங்கை மனம் நோகக் கூடாது என்று பேசாமல் இருந்துவிட்டார். இதில் வெறி எங்கே இருக்கிறது?

இயங்கிய விதத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். நம் கணக்குப்பதிவியல் பாடத்தில் வருமே, விண்ணப்பப் பணம், ஒதுக்கீட்டுப் பணம், அழைப்புப் பணம் என்று! அதேதான். பங்கின் மதிப்பில் 10 சதவீதம் முன்பணமாகக் கட்டினால் போதும், மீதியைக் கம்பெனி கேட்கும்போது கொடுக்கலாம். நூறு பவுண்டு கனவைப் பத்து பவுண்டுக்கு வாங்கலாம் என்றால் யார்தான் வரமாட்டார்கள்? பாதை போடத் தொடங்கியதும் அழைப்புகள் வரிசையாக வந்தன. பணம் கட்டப் பங்கை விற்றார்கள், விலை இன்னும் இறங்கியது. இதற்கு நடுவில் 'ரயில்வே ராஜா' என்று கொண்டாடப்பட்ட ஜார்ஜ் ஹட்சன், லாபத்திலிருந்து தர வேண்டிய ஈவுத்தொகையை மூலதனத்திலிருந்து கொடுத்து வந்தது 1849இல் அம்பலமானது. பிராண்டி சகோதரிகள் பங்கு வைத்திருந்தது அவருடைய கம்பெனியில்தான்.

இப்போது சொல்லுங்கள், இதை 'மேனியா' என்று ஒரே வார்த்தையில் முடித்தால் என்ன ஆகிறது? பொய்க் கணக்கு எழுதியவரும், அதை நம்பிப் பணம் போட்டவரும் ஒரே நோயாளிப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். நோய்க்கு யாரைக் குற்றம் சொல்ல முடியும்? மனநல மருத்துவத்தில் 'மேனியா' இன்றும் ஒரு நிஜமான நோய்நிலையின் பெயர். அதனால் அவதிப்படுபவர்கள் யாரையும் ஏமாற்றியவர்கள் இல்லை.

மெக்கேயின் கதை இன்னொன்றையும் சொல்கிறது. பைத்தியம் என்பது எப்போதும் அடுத்தவருக்குப் பிடிப்பது என்று நினைக்க வைக்கிறது இந்தச் சொல். நமக்கு ஒருபோதும் பிடிக்காதாம்!

எனவே, அடுத்த முறை ஏதாவது ஒரு 'மேனியா' பற்றிப் படித்தால், மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். கையிலிருந்து போட்ட பணம் எவ்வளவு? ஈவுத்தொகை எங்கிருந்து வந்தது? கணக்கைத் தணிக்கை செய்தது யார்? பதில் கிடைத்தால், பைத்தியம் என்ற சொல்லே தேவைப்படாமல் போகலாம்.