தல்லாகுளத்தில் இரண்டு பாடங்கள்

1909-ஆம் ஆண்டில் இரண்டு வேலைகள் முடிந்தன. மதுரை வைகையின் வடகரையில், தல்லாகுளத்தில், அமெரிக்கன் கல்லூரியின் செங்கல் கட்டடமான மெயின் ஹால் எழுந்து நின்றது. சென்னையில் எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு தொகுத்த தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகள் அச்சேறின. ஒன்று கட்டடக்கலை, மற்றொன்று மானுடவியல். இரண்டையும் இணைக்கும் ஆள் ஒருவர் உண்டு: கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வின். தல்லாகுளத்து மெயின் ஹாலுக்கு வரைபடம் போட்டவர் அவர்தான். தர்ஸ்டன் பல ஆண்டுகள் கண்காணிப்பாளராக இருந்த எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும் அவர் கைவண்ணமே.

ஒரே வளாகத்தில் ஒருவர் குவிமாடமும் வளைவும் எழுப்பினார். இன்னொருவர் அளவுகோலும் இடுக்கியும் வைத்துக்கொண்டு மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார். கட்டடத்தைப் படிப்பவர் மனிதரைப் பார்ப்பதில்லை, மனிதரைப் படிப்பவர் அவர் வாழும் தெருவைப் பார்ப்பதில்லை என்ற பழக்கம் அந்தக் காலத்தில் வேர் பிடித்தது. அது எப்படித் தளர்ந்தது என்று பார்க்க மதுரையைவிட நல்ல ஊர் கிடைக்காது.

அமெரிக்கன் கல்லூரியின் வேர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. அங்கே பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள் 1834-இல் மதுரைக்கு வந்தார்கள். 1842-இல் திருமங்கலத்தில் தொடங்கிய அவர்களது செமினரி 1845-இல் பசுமலைக்கு மாறியது, 1881-இல் கல்லூரியானது. பிறகுதான் ஊருக்குள் இடம் தேடினார்கள். வைகைக்குக் குறுக்கே ஆல்பர்ட் விக்டர் பாலம் 1889-இல் திறக்கப்பட்டிருந்ததால் வடகரை இனிமேல் எட்டாத தூரமில்லை. தோப்பும் வெட்டவெளியும் ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையுமாக இருந்த பகுதிக்குக் கல்லூரி வந்தது. 1948-இல் கேட்டி வில்காக்ஸ் தொடங்கிய லேடி டோக் பெண்கள் கல்லூரியும் தல்லாகுளத்திலேயே அமைந்தது. தமுக்கத்தை 1959 ஏப்ரல் 15 அன்று காந்தி அருங்காட்சியகமாகத் திறந்து வைத்தார் நேரு. நாயக்க அரசியின் கோடை மாளிகை, மிஷனரிகளின் கல்லூரி, விடுதலைப் போராட்டத்தின் நினைவகம் என்று மூன்று காலங்களும் நடக்கும் தூரத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன.

இர்வினின் பாணிக்கு இந்தோ சாரசெனிக் என்று பெயர். அதற்கு மதுரையிலேயே ஒரு முன்கதை உண்டு. திருமலை நாயக்கர் 1636-இல் கட்டிய மகாலில் எஞ்சிய பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாழடைந்து கிடந்தது. ஆளுநர் நேப்பியர் காலத்தில், 1866-க்கும் 1872-க்கும் இடையில், அதைப் பழுதுபார்த்தார்கள். அதில் முக்கியப் பங்கு ராபர்ட் சிஷோமுடையது. சுண்ணாம்புச் சாந்தும் செங்கல்லும் கொண்டு எழுப்பிய அந்தப் பெரிய தூண்களிலும் வளைவுகளிலும் சிஷோம் பாடம் கற்றார். அது சென்னைக் கட்டடங்களில் வெளிப்பட்டது. அவருக்குப் பின் அரசின் ஆலோசனைக் கட்டடக் கலைஞர் பதவிக்கு வந்தவர் இர்வின். ஆக, மதுரைக் கொத்தனார்களின் கைத்திறன் சென்னைக்குப் போய், இர்வின் வழியாகத் தல்லாகுளத்துக்குத் திரும்பி வந்தது என்று சொல்லலாம்.

அந்தக் கொத்தனார்களின் பெயர்கள் எங்கும் இல்லை. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. கலெக்டர் பிளாக்பர்ன் 1837 முதல் மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது, அந்த இடத்தில் புதிய வீதிகள் பிறந்தன. வேலையை மேற்பார்த்தவர்களின் பெயர்களையே அவற்றுக்கு வைத்தார்கள்: மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களின் பெயரில் விரியும் வீதிகளுக்கு வெளியே, ஒரு மேஸ்திரியின் பெயரும் நிலைத்துவிட்டது. இன்றைக்கு அந்த வீதியில் விடுதி அறை தேடி அலையும் பயணிகளுக்கு அவர் யாரென்று தெரியாது.

கட்டடத்தையும் மனிதரையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும் என்று வாதாடிய முதல் ஆள் ஓர் உயிரியலாளர். ஸ்காட்லாந்துக்காரரான பாட்ரிக் கெட்டிஸை ஆளுநர் பென்ட்லண்ட் 1914-இல் சென்னைக்கு அழைத்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்கள் வந்த கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் மூழ்கடித்தது. மனிதர் அசரவில்லை, புதிதாகப் பொருள்கள் திரட்டி மறு ஆண்டே சென்னையில் கண்காட்சி நடத்தினார். பிறகு மாகாணத்து ஊர்களைச் சுற்றி அறிக்கைகள் எழுதினார். அவற்றில் மதுரையும் ஒன்று. நெரிசலான தெருக்களை இடித்து நேர்கோட்டில் அகலச் சாலை போடுவதே அன்றைய பொறியாளர்களின் வழக்கம். கெட்டிஸ் அதைக் கடுமையாக எதிர்த்தார். முதலில் தெருத்தெருவாக நடந்து, யார் எங்கே வாழ்கிறார்கள், கிணறு எங்கே, கோயில் எங்கே என்று குறித்துக்கொள்ள வேண்டும். இடிந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, கிடைத்த வெளியில் மரம் நட வேண்டும் என்பது அவர் முறை. 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையைத் தொடங்கியவரும் அவரே. ஊரமைப்பாளர் ஒருவர் இந்தியச் சமூகவியலுக்கு ஆசிரியரானது தற்செயல் என்று தோன்றவில்லை.

சேர்த்துப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் மதுரையே சான்று. 1912-இல் அடலின் பெப்பர் கிப்சன் என்ற பிலடெல்பியா நகரப் பெண்மணி, மதனகோபால சுவாமி கோயில் வளாகத்தில் குவிந்து கிடந்த சிற்பத் தூண்களையும் கற்களையும் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். அவர் இறந்த பின் 1919-இல் குடும்பத்தார் அவற்றைப் பிலடெல்பியா அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். இன்றும் அங்கே ஒரு மதுரை மண்டபம் நிற்கிறது. ஆனால் அது எந்த மண்டபம், யார் கூடினார்கள், எந்தத் திருநாளுக்கு என்ற கேள்விகள் கற்களோடு போகவில்லை. நார்மன் பிரவுன் என்ற வடமொழி அறிஞர் அதன் கதையைத் தேடித் திரட்டி 1940-இல் தனி நூலே எழுத வேண்டியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் காற்று திசை மாறியது. 1949-50 ஆண்டுகளில் பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் நாட்டில் தங்கி ஆய்ந்தார். நூல் 1957-இல் வந்தது. பின்னாளில் சாதியமைப்பு பற்றி உலகெங்கும் விவாதிக்கப்பட்ட அவர் கோட்பாட்டுக்கு இந்தக் களமும் ஓர் அடித்தளம். கிறிஸ்டோபர் ஃபுல்லர் எழுபதுகளில் மீனாட்சி கோயில் பட்டர்களிடையே களப்பணி செய்து 1984-இல் நூலாக்கினார். சூசன் லெவாண்டோவ்ஸ்கி மதுரையையும் சென்னையையும் ஒப்பிட்டு, சடங்கு நகரமும் துறைமுக நகரமும் வடிவத்தில் எப்படி வேறுபடுகின்றன என்று 1977-இல் எழுதினார். டென்னிஸ் ஹட்சன் மீனாட்சி திருக்கல்யாணம், அழகர் எழுந்தருளல் என்ற இரண்டு சித்திரைத் திருவிழாக்களையும் எதிரெதிரே வைத்துப் படித்தார்.

அழகர் திருவிழாவில் தல்லாகுளத்துக்குத் தனி இடம் உண்டு. அழகர்மலையிலிருந்து புறப்படும் கள்ளழகரை மூன்றுமாவடியில் மதுரை மக்கள் எதிர்சேவை செய்து வரவேற்கிறார்கள். அன்றிரவு அவர் தங்குவது தல்லாகுளம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் ஆண்டாள் சூடிய மாலையை அங்கேதான் சாத்திக்கொள்கிறார். விடிந்தால் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்குகிறார். திரும்பும் வழியில், தல்லாகுளத்தில் சேதுபதி மன்னர் பெயரிலுள்ள மண்டபத்திலிருந்து பூப்பல்லக்கில் கிளம்புகிறார்.

வழி நெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். ஒவ்வொன்றும் ஒரு சாதிக்கோ, குடும்பத்துக்கோ, வணிகக் கூட்டத்துக்கோ உரியது. சில கல் மண்டபங்கள், சில காரைக் கட்டடங்கள், சில ஒரு நாள் மட்டும் நிற்கும் கீற்றுப் பந்தல்கள். யாருடைய மண்டபத்தில் சாமி எவ்வளவு நேரம் நிற்பார், யார் முதலில் தீபாராதனை பார்ப்பார் என்பதெல்லாம் உரிமை, தகராறு, வழக்கு வரை போகும் சங்கதிகள். ஆண்டில் மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கும் ஒரு மண்டபத்தைக் கட்டடக்கலை மாணவர் வெறுமனே அளந்தால் நான்கு தூணும் ஒரு மேடையும் கிடைக்கும். அதன் உரிமைக்காரரிடம் உட்கார்ந்து பேசினால் மூன்று தலைமுறைக் கதை கிடைக்கும்.

இப்படிப் பேசிப் பேசியே ஒரு பெரிய நூலை எழுதியவர் தொ. பரமசிவன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் அழகர் கோயில். 1989-இல் பல்கலைக்கழகமே அதை நூலாக வெளியிட்டது. கோயிலின் கட்டட அமைப்பில் தொடங்கி, கள்ளர், இடையர், வலையர், பள்ளர், பறையர் என ஒவ்வொரு சமூகத்துக்கும் அந்தக் கோயிலோடு உள்ள உறவை அவர் தனித்தனியே ஆராய்ந்தார். துருத்தியில் நீர் பீய்ச்சுகிறவரும், திரி பிடித்து ஆடுகிறவரும், இரவெல்லாம் அழகர் வர்ணிப்பு பாடுகிறவரும் அவருக்குத் தகவலாளர்களாக இருந்தார்கள். அழகர் ஏன் கள்ளர் வேடம் பூணுகிறார் என்பதற்கான விடையைக் கல்வெட்டில் மட்டும் தேடாமல் மலையடிவாரத்து மக்களிடமும் தேடினார். மதுரையைப் பற்றி வெளிநாட்டார் எழுதிய எதற்கும் இளைத்ததல்ல அந்த நூல்.

பாடத்திட்டத்தில் மட்டும் பழைய பிரிவினை நீடிக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் துறை 1945-லேயே வந்துவிட்டாலும், இளங்கலை நிலையில் அதைக் கற்பிக்கும் கல்லூரிகள் தமிழ்நாட்டில் அரிது. கட்டடக்கலைக்கோ ஐந்தாண்டுப் படிப்பு, நுழைவுத் தேர்வு, பெருஞ்செலவு. அமெரிக்காவில் 1901-இல் ஜோலியட் நகரில் தொடங்கிய இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரி முறை இதற்கு வேறு வழி கண்டது. பகலில் கடையில் வேலை பார்ப்பவர் மாலையில் போய் மானுடவியல் அறிமுகமும் கட்டட வரலாறும் ஒரே பருவத்தில் படிக்க அங்கே முடிகிறது. நம் நாட்டில் 1995-இல் புதுச்சேரியில் தொடங்கிய சமுதாயக் கல்லூரிகள் பெரும்பாலும் கைத்தொழில் பயிற்சியோடு நின்றுகொண்டன. கம்பி கட்டவும் மின் இணைப்புக் கொடுக்கவும் சொல்லித் தருகிற இடத்தில், அந்தக் கட்டடம் யாருக்காக, எந்தத் தெருவில், எந்த வழக்கப்படி எழுகிறது என்பதையும் ஒரு பாடமாக வைக்கலாம்.

தல்லாகுளத்தில் இதற்குத் தனிக் கட்டடம் வேண்டியதில்லை. கல்லூரிகள் இருக்கின்றன, தமுக்கம் இருக்கிறது, அருகே உலகத் தமிழ்ச் சங்கமும் இருக்கிறது. அடுத்த சித்திரைக்கு முன்பே இங்குள்ள ஒரு கல்லூரி முன்வந்து, மூன்றுமாவடி முதல் வண்டியூர் வரையுள்ள மண்டகப்படி மண்டபங்கள் ஒவ்வொன்றையும் அளந்து, படம் வரைந்து, உரிமைக்காரர்களின் வாய்மொழியையும் பதிவு செய்ய வேண்டும். அந்த வேலையை மாலை நேர மாணவர்களிடமும் இளம் கொத்தனார்களிடமும் ஒப்படைத்து, அதற்கு ஒரு சான்றிதழும் கொடுக்க வேண்டும்.