சயரோகத் தடுப்பூசியும் செங்கற்பட்டு ஆய்வும்

இலங்கையிற் பிறந்தார் பெரும்பாலோரின் இடது மேற்கையிற் சிறு தழும்பொன்று உண்டு. 1949ஆம் ஆண்டு இந்நாட்டில் அறிமுகமான பீ.சீ.ஜீ. தடுப்பூசியின் அடையாளம் அது. அவ்வூசி சயரோகத்தினின்றும் குழந்தைகளை எவ்வளவு காக்கும் என்பது நெடுங்காலம் வழக்காடப்பட்ட வினாவாகும். அவ்வழக்கின் பெரும் பகுதி தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்தது.

பிரெஞ்சு விஞ்ஞானிகளான கால்மெட், கெரான் என்போர் மாட்டுச் சயரோகக் கிருமியைப் பதின்மூன்று ஆண்டுகள் மீட்டும் மீட்டும் வளர்த்து, அதன் கொடுமையைத் தணித்தனர். 1921இல் பாரிசு நகரில் ஒரு குழந்தைக்கு அது முதன்முதல் வாய்வழியாக ஊட்டப்பட்டது. 1930இல் செருமனியின் லூபெக் நகரில், ஆய்வுகூடத் தவறினாற் கொடிய கிருமி கலந்த மருந்தை உண்டு 72 குழந்தைகள் மாண்டனர். மருந்தின்மேற் குற்றமில்லை எனத் தெளிந்த பின்னும் மக்கள் ஐயம் முற்றாக அகலவில்லை. 1955இல் இராஜாஜி, இந்தியாவில் நடைபெற்ற பெருந்திரள் ஊசி இயக்கத்தை வெளிப்படையாக எதிர்த்தார்.

ஐயத்தை அகற்றவல்லது ஆய்வே. 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்திற் பேராய்வொன்று தொடங்கிற்று. 2,50,000 பேருக்கு மேல் ஊசி ஏற்றப்பட்டது. ஒரு சாராருக்கு பீ.சீ.ஜீ.; மறு சாராருக்கு மருந்தற்ற நீர்மம். 1979இல் வெளியான முடிவு உலகைத் திடுக்கிடச் செய்தது: சளியிற் கிருமி காணப்படும் நுரையீரற் சயரோகத்தை ஊசி தடுக்கவில்லை. 15 ஆண்டுக் கண்காணிப்பின் பின் 1999இல் வந்த அறிக்கையும் பெரிதும் அதையே கூறிற்று. பிரித்தானியப் பள்ளி மாணவரிடையே முன்னர் நிகழ்ந்த ஆய்விலோ, காப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 80 ஆக இருந்தது. வெப்பநாடுகளின் மண்ணிலும் நீரிலும் வாழும் உறவுக் கிருமிகள் ஊசியின் பயனை மறைத்திருக்கலாம் என்பது அறிஞர் கூறும் காரணங்களுள் ஒன்று.

ஆயின், ஊசி வீண் என முடிவுகட்டுதல் தகுமோ? தகாது. செங்கற்பட்டில் முதன்மையாகத் தேடப்பட்டது நுரையீரல் நோய். பச்சிளங் குழந்தைகளுக்குக் கூற்றாவனவோ வேறு இரண்டு: மூளையுறையைத் தாக்கும் சயரோகமும், குருதிவழி உடலெங்கும் தினைமணிபோற் பரவும் சயரோகமும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான கணிப்பின்படி, முன்னையதினின்று நூற்றுக்கு 73உம், பின்னையதினின்று நூற்றுக்கு 77உம் காப்புக் கிடைக்கின்றது. எனவேதான் நம் நாட்டிற் குழந்தை பிறந்தவுடனே, வைத்தியசாலையை விட்டு வீடு செல்லுமுன், இவ்வூசி ஏற்றப்படுகின்றது.

அக்காப்பு வாழ்நாள் முழுவதற்குமான கவசமன்று. குழந்தைக்கு நோய் வருவது பெரும்பாலும் இருமும் பெரியவரிடமிருந்தே. ஆதலின் உப்புவெளியிலாயினும் வேறெவ்வூரிலாயினும், இரண்டு கிழமைக்கு மேல் இருமலுடையார் சளியைச் சோதிப்பித்தல், குழந்தைக்கு ஊசி ஏற்றுவித்தலோடு ஒருங்கு செய்யத்தக்க கடனாகும்.