காப்பிக் கூட்டும் அதன் அளவுகோலும்

பலர் கூடி ஒரு தொழிலை நடத்தப் புகும்போது முதலில் வேண்டுவது முதலீடன்று, அளவுகோலாகும். கூட்டின் வெற்றியை எதைக் கொண்டு அளப்பது? அதில் ஒவ்வொருவர் பங்கையும் எவ்வாறு மதிப்பது? இதற்கு விடை தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. பெங்களூரில், ஜோகுபாளையத்திலிருந்து சில மைல் தொலைவில், காப்பி போர்டின் தலைமை நிலையம் இருக்கிறது. அதன் வரலாறே நமக்குப் பாடமாகும்.

1930-களில் உலகெங்கும் பரவிய வாணிப மந்தத்தால் காப்பி விலை வீழ்ந்தது. 1939-ல் மூண்ட போர் ஐரோப்பியச் சந்தைகளை அடைத்துவிட்டது. குடகிலும், சிக்கமகளூரிலும், நீலகிரியிலும், சேர்வராயன் மலையிலும் விளைந்த கொட்டை வாங்குவாரின்றித் தேங்கிற்று. அந்நிலையில் 1940-ல் அவசரச் சட்டமும், 1942-ல் முழுச் சட்டமும் பிறந்தன. வீட்டுக்கும் விதைக்கும் வேண்டிய சிறிதளவு நீங்கலாக, விளைச்சல் அனைத்தையும் தோட்டக்காரர்கள் போர்டிடம் ஒப்படைக்கலாயினர். போர்டு அதனை ஒரே சரக்காகத் திரட்டி ஏலத்தில் விற்றது.

ஆயிரக்கணக்கானோரின் கொட்டை ஒன்றாகக் கலந்தபின், யாருக்கு எவ்வளவு கொடுப்பது? இங்கேதான் அளவுகோல் தேவைப்பட்டது. கொட்டையைப் பதப்படுத்தும் நிலையத்தில் இனமும் தரமும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இத்தனை புள்ளி என்று கணக்கிட்டனர். விற்று வந்த தொகையில் செலவு போக எஞ்சியதைப் புள்ளிகளின் வீதத்தில் பங்கிட்டனர். ஒருவர் சரக்கு நூறு புள்ளியும் மற்றவர் சரக்கு இருநூறு புள்ளியும் பெற்றால், பின்னவருக்கு இருமடங்கு கிடைக்கும். பேரம் பேசும் வலிமையற்ற சிறு தோட்டக்காரருக்கும் பெருந்தோட்ட முதலாளிக்கும் ஒரே நிறைகோல்! இது சிறிய நன்மையன்று.

ஆயினும் அவ்வளவுகோல் கொட்டையை அளந்ததேயன்றிக் காலத்தை அளக்கவில்லை. பணம் தவணை தவணையாகவே வந்தது. சரக்கு முழுதும் விற்றுத் தீர்ந்த பின்னரே இறுதித் தவணை கிட்டியது. கடன்பட்டுப் பயிரிட்டவருக்குத் தாமதமும் ஒரு நட்டமே. ஒரே தரத்துக்குள் தனிச்சிறப்பு வாய்ந்த கொட்டைக்கும் தனி விலை கிட்டவில்லை. 1989-ல் பன்னாட்டுக் காப்பி உடன்படிக்கையின் ஏற்றுமதிப் பங்கீட்டு முறை குலைந்தது. 1991-ல் பெரிய வாடிக்கையாளராயிருந்த சோவியத் நாடும் சிதைந்தது. அதன்பின் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்தது. 1992-ல் விளைச்சலில் நூற்றுக்கு 30 பங்கை உள்நாட்டில் தாமே விற்கத் தோட்டக்காரர்கள் உரிமை பெற்றனர். 1994-ல் பிரேசிலில் பெய்த உறைபனி உலக விலையை உயர்த்தவே, தனித்து விற்கும் ஆவல் மேலும் வளர்ந்தது. 1996-ல் கூட்டு முறை முற்றும் நீங்கியது. போர்டு ஆராய்ச்சி, ஊக்குவிப்புப் பணிகளில் தொடர்ந்து ஈடுபட்டது.

விடுதலை பெற்ற தோட்டக்காரர்கள் நல்விலையைச் சுவைத்தனர். சில ஆண்டுகளுக்குள், 2000-ஐ ஒட்டி உலக விலை மீண்டும் வீழ்ந்தபோது, அந்த நட்டத்தை அவரவரே சுமக்க நேர்ந்தது. முன்பு எல்லோர் தோளிலும் பரவிய பாரம் இப்போது ஒவ்வொருவர் தோளிலும் தனித்தனியே இறங்கியது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவது யாது? வளமான காலத்தில் மட்டும் கூட்டை எடைபோட்டால் அது தடையாகத் தோன்றும். வறண்ட காலத்தில் மட்டும் எடைபோட்டால் காவலாகத் தோன்றும். இரு காலங்களையும் சேர்த்து நோக்குவதே நேர்மை. கூட்டு முழுமைக்கும் வந்த ஆதாயம் எவ்வளவு என்பதோடு, கடைசிச் சிறு தோட்டக்காரர் கைக்கு அவர் பங்கு எத்தனை நாளில் சேர்ந்தது என்பதையும் கணக்கேட்டில் எழுத வேண்டும். இவ்விரண்டில் ஒன்று விடுபட்டாலும் அளவு பிழைபடும். அளவு பிழைபட்டால் கூட்டு நிலைக்காது.