பதில் போட்டவர்கள்

ரயில்வே மெயில் சர்வீஸில் (ஆர்.எம்.எஸ்.) 32 வருஷம் கடிதம் பிரித்தவன் நான். ஓடும் ரயிலில், புறாக்கூடு மாதிரி அடுக்கிய மரத் தட்டுகளுக்கு முன்னால் நின்று, ஊர் ஊராக உறைகளைச் செருகுகிற வேலை. பொங்கலுக்கு முந்தின வாரத்தில் வாழ்த்து அட்டைகள் மூட்டை மூட்டையாக வரும். நடுவே, ஒரு நடிகரின் பெயரும் 'சென்னை' என்ற ஒற்றைச் சொல்லும் மட்டும் எழுதிய உறைகளும் இருக்கும். இவற்றைத் திறப்பது யார், பதில் போடுவது யார் என்று அப்போதெல்லாம் யோசித்திருக்கிறேன்.

போன வருஷம் லண்டனிலிருந்து வந்த தங்கை மகன் ஒரு பழைய பத்திரிகையின் இரண்டு இதழ்களைக் கொண்டுவந்தான். 'தி பீட்டில்ஸ் புக்'. "பாட்டு பிடிக்கலேன்னாலும் இது உங்களுக்குப் பிடிக்கும் மாமா" என்றான். பையில் அடங்குகிற அளவு. நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகம். அதன் கதையைத் தேடிப் படிக்கப் போய், என் பழைய யோசனைக்கு லிவர்பூலில் விடை கிடைத்தது.

ஷான் ஓமஹோனி என்ற பதிப்பாளர், பீட்டில்ஸ் இசைக்குழுவின் மேலாளர் பிரயன் எப்ஸ்டீனிடம் அனுமதி வாங்கி 1963 ஆகஸ்டில் இந்த மாத இதழைத் தொடங்கினார். விலை ஒன்றரை ஷில்லிங். 80,000 பிரதிகளில் ஆரம்பித்தது, அந்த வருஷம் முடிவதற்குள் மூன்று லட்சத்தைத் தாண்டியது. லெஸ்லி பிரைஸ் எடுத்த படங்கள், பாப் கிப்சனின் கேலிச்சித்திரங்கள், குழுவோடு ஊர் சுற்றிய நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும் எழுதிய குறிப்புகள் எல்லாம் அதில் உண்டு. ரசிகர் மன்றத்தின் செய்திமடலும் அதற்குள்ளேயே வந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதில் பேசுகிறவர்களில் பாதிப் பேர் உலகத்திலேயே கிடையாது. ஆசிரியர் 'ஜானி டீன்' ஓமஹோனியின் புனைபெயர். கட்டுரையாளர் 'ஃபிரெடரிக் ஜேம்ஸ்' வேறு யாருமில்லை, குழுவின் பத்திரிகைத் தொடர்பாளர் டோனி பாரோதான். மன்றத்தின் தேசியச் செயலாளராகக் கையெழுத்திட்ட 'ஆன் காலிங்ஹாம்' கூடக் கற்பனைப் பெண். முகவரி மட்டும் நிஜம். இல்லாத ஆளுக்கு வந்த கடிதங்களை எங்கள் துறையில் ரிட்டர்ன் லெட்டர் ஆபீசுக்கு அனுப்புவோம். இந்த ஆன் காலிங்ஹாமின் முகவரியிலோ அவை மூட்டையாகக் குவிந்தன.

லிவர்பூலில் மன்றத்துக்காகப் பதில் எழுதியவர் நிஜ ஆள். ஃப்ரெடா கெல்லி, டைப்பிஸ்ட். மதிய இடைவேளையில் கேவர்ன் கிளப்புக்குப் போய் அந்த நாலு பேரின் பாட்டைக் கேட்டுவந்த பெண். எப்ஸ்டீன் அவரை வேலைக்கு எடுத்தபோது வயது 17. மன்ற வேலையை ஏற்றுக்கொண்ட ஃப்ரெடா, விவரம் தெரியாமல் தன் வீட்டு முகவரியையே கொடுத்துவிட்டார். வீடு கடிதத்தால் நிறைந்தது. தனக்கு வரவேண்டிய பில் எந்தக் குவியலுக்குள் இருக்கிறதென்று தெரியாமல் அப்பா கத்தினாராம். நான் சிரிக்கவில்லை, ஒரு பை இடம் மாறினால் என்ன பாடு என்று எனக்குத் தெரியும்.

ஒரு ரசிகை தலையணை உறை அனுப்பினாள். நாலு பேரில் ஒருவரான ரிங்கோ அதில் ஒரு ராத்திரி தலை வைத்துப் படுத்துவிட்டுத் திருப்பித் தரவேண்டும் என்று கேட்டிருந்தாள். ஃப்ரெடா அதை ரிங்கோவின் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, மகனை அதில் படுக்க வைக்கச் சொன்னார். முடி கேட்டவர்களுக்கு, அந்த நாலு பேர் முடிவெட்டிக்கொள்ளும்போது விழுந்ததையே அனுப்பினார். வேறு யாருடைய முடியையோ உறையில் போட்டது தெரிந்ததும் உதவிக்கு இருந்த பெண்ணை வேலையைவிட்டு நிறுத்தினார். திறக்கிறவளுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. ஆனால் அனுப்புகிறவருக்குத் தெரியுமே.

ஆனால் எத்தனை கை இருந்தாலும் அந்த வெள்ளத்துக்குத் தனித்தனியாகப் பதில் போட முடியாது. சந்தா கட்டியவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்து முணுமுணுத்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த டோனி பாரோ கண்டுபிடித்த வழி ஒரு கிறிஸ்துமஸ் இசைத்தட்டு. 1963 அக்டோபர் 17 அன்று, பாட்டுப் பதிவுக்கு வந்த ஒலிப்பதிவுக் கூடத்திலேயே நாலு பேரும் மைக் முன்னால் அரட்டையடித்து நன்றி சொன்னார்கள். ஃப்ரெடாவின் பெயரையும் சேர்த்துக் கூவினார்கள். காகிதம் போல வளைகிற மெல்லிய பிளாஸ்டிக் தட்டு. உடையாது, எடையும் இல்லை. தபாலுக்கென்றே பிறந்த பண்டம். 1969 வரை வருஷத்துக்கு ஒன்றாக ஏழு தட்டுகள் மன்றத்தாருக்கு இலவசமாகப் போயின. கடைசி இரண்டு வருஷமும் நாலு பேரும் ஒன்றாக உட்காரவில்லை. தனித்தனியாகப் பேசி அனுப்பியதை வானொலி அறிவிப்பாளர் கென்னி எவரெட் வெட்டி ஒட்டினார். கூர்ந்து கேட்டவர்களுக்கு அதிலேயே சேதி இருந்திருக்கும்.

பத்திரிகையும் 77-ஆவது இதழோடு 1969 டிசம்பரில் நின்றது. குழு பிரிந்த செய்தியை உலகம் அறிந்தது அதற்கு நாலு மாதம் கழித்து. (பழைய இதழ்களின் மறுபதிப்பாக 1976-இல் உயிர்பெற்று அது 2003 வரை ஓடியது வேறு கதை.) பாடியவர்கள் பிரிந்தபிறகும் ஃப்ரெடாவின் மேசைக்குக் கடிதம் வருவது நிற்கவில்லை. 1972-இல் மன்றத்தை மூடும்வரை அவர் பதில் போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் தன்னிடம் சேர்ந்திருந்ததில் பெரும்பகுதியை ரசிகர்களுக்கே கொடுத்துவிட்டு, மறுபடி ஒரு சாதாரணச் செயலாளர் வேலைக்குப் போனார்.

என்னிடம் உள்ள இதழ் ஒன்றில் ஒரு படத்தின் நாலு மூலையிலும் குண்டூசித் துளை. சுவரில் இருந்துவிட்டு மறுபடி புத்தகத்துக்குள் திரும்பியிருக்கிறது. வாசகர் கடிதப் பக்கத்தில் ஒரு கடிதத்தின் ஓரமாகப் பென்சில் கோடு, அழுத்தி இரண்டு தடவை. எழுதியவளே போட்டதா, அவளுடைய தோழி போட்டதா தெரியாது. அந்தக் கடிதம் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது.