கரிக்கூடையும் வெள்ளைச் சட்டையும்

சிங்கப்பூரின் வளர்ச்சியைப் புகழ்ந்தெழுதுவோர் ராபிள்ஸ் துரையில் தொடங்கி, வணிகரையும் வங்கியையும் பாடி முடிப்பது வழக்கமாயிருக்கிறது. அவ்வளர்ச்சிக்கு அடியிற் கிடந்த நிலக்கரியை அவர்கள் பெரும்பாலும் மறந்து விடுகின்றனர். கரியை மறந்தவர்க்குக் கரி சுமந்தவனை மறப்பது எளிது. அவன் மூச்சோடு உள்ளேறிய தூளைப் பற்றியோ பேச்சே இல்லை.

பீ அண்டு ஓ கும்பினியாரின் நீராவிக் கப்பல் முதன்முதல் இங்கு வந்தது 1845-ல். 1852-ல் அக்கும்பினியார் புதுத்துறையில் தமக்கென ஓர் இறங்குதுறை அமைத்துக்கொண்டனர். 1900-ல் கெப்பல் துறையெனப் பெயர் மாறியது அதுவே. தஞ்சோங் பகார் டாக் கும்பினி 1864-ல் தோன்றிற்று. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் கீழ்நாடுகளுக்குச் செல்லும் நீராவிக் கப்பல்கள் பெருகின. அவற்றிற்குக் கரியே உணவு. வேல்ஸிலிருந்தும், ஜப்பானிலிருந்தும், ஆஸ்திரேலியாவிலிருந்தும், வங்காளத்திலிருந்தும் கரி வந்து இத்தீவின் கரையில் மலைமலையாய்க் குவிந்தது.

அக்கரியைக் கப்பலேற்றிய விதத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இயந்திரம் ஏதுமில்லை. இருவர் ஒரு கழியைத் தோளிற் சுமப்பர். கழியின் நடுவில் கரிக்கூடை தொங்கும். பலகை வழியே ஏறி, கூடையைக் கவிழ்த்து, மறு பலகை வழியே இறங்குவர். எறும்பு வரிசைபோல் இது நடக்கும். சீனத் தோழர்களே இவ்வேலையிற் பெரும்பான்மையோர். துறைமுகத்தின் பிற வேலைகளில் நம் தமிழரும் நிரம்ப இருந்தனர். கரியேற்றம் தொடங்குமுன் கப்பலின் சாளரங்கள் அடைக்கப்படும்; கம்பளங்கள் மூடப்படும்; மேல்வகுப்புப் பிரயாணிகள் நகரைப் பார்க்கக் கிளம்பி விடுவார்கள். தளத்தைக் கழுவித் துடைத்தபின் திரும்பி வருவார்கள். சாளரத்திற்குக் கதவு இருந்தது. கூலியின் மூக்கிற்கு என்ன இருந்தது? சீமானின் சட்டை கறுத்தால் அது குறை. கூலியின் உடல் கறுத்தால் அது அவன் பிறவி நிறம். நெடுங்காலம் உலகம் இப்படித்தான் கணக்குப் பார்த்திருக்கிறது.

கரி குவிந்து கிடந்தால் தூள் மட்டும் பறக்கும் என்பதில்லை. காற்றுப் பட்டுத் தானே உள்ளுக்குள் சூடேறும் இயல்பும் அதற்குண்டு. 1877 ஏப்ரலில் தஞ்சோங் பகார் கரிக்கொட்டகைகளில் தீப்பற்றி ஏறக்குறைய இரண்டு வாரம் எரிந்தது. அருகிலிருந்த ஏழைகளின் மரவீடுகள் சிறிது நேரத்திற்குள் சாம்பலாயின. கும்பினி மீண்டும் கரி வாங்கிக் குவித்தது. 1905-ல் அரசாங்கம் அக்கும்பினியையே கையேற்றது. 1913-ல் துறைமுகப் போர்டு ஏற்பட்டது. நிர்வாகத்தின் பெயர்தான் மாறியது, கூடை மாறவில்லை.

துறைமுகத்தோடு இது நின்றதுமில்லை. சிராங்கூன் சாலையிலிருந்து லவண்டர் தெரு வழியே நடந்தால் காலாங் வந்துவிடும். அங்கே 1862-ல் கரியைக் காய்ச்சி வாயு எடுக்கும் நிலையம் எழுந்தது. 1864-ல் நகரத் தெருக்களில் வாயு விளக்குகள் எரிந்தன. சுற்றிலும் குடியிருந்த சீனர் அவ்விடத்திற்கு இட்ட பெயர் தீநகரம்! எந்நாள் வெடிக்குமோ என்ற அச்சம் அப்பெயரிலேயே இருக்கிறது. 1927-ல் செயிண்ட் ஜேம்ஸ் மின்நிலையமும் துறைமுகத்தருகே கரியை எரிக்கத் தொடங்கிற்று.

பின்னர் இக்கரி எப்படி மறைந்தது? குடிமக்களின் முறையீட்டுக்கு இரங்கியா? அன்று. கப்பல்கள் எண்ணெய்க்கு மாறின, அது இலாபமாயிருந்தது. காலாங் நிலையமும் 1958-ல் எண்ணெய்க்கு மாறியது. தூய காற்றுக்கென்று இந்நாட்டில் சட்டம் வந்தது 1971-ல். கரிக்கூடை போன பிறகே சட்டம் வந்தது என்பதை மறக்கலாகாது.

முறையீடு வென்ற இடம் ஒன்றும் உண்டு. அது நம்மவர் பலர் கப்பலேறி வந்த சென்னைத் துறைமுகம். அங்கே திறந்த வெளியிற் குவித்த கரியின் தூள் இராயபுரம் மக்களின் வீட்டிலும், உலையிலும், உலர்த்திய துணியிலும் படிந்தது. துறைமுகத்திற்கு எதிரிலேயே 1892-ல் திறந்த உயர்நீதிமன்ற மாளிகை நிற்கிறது. காற்று அதற்கும் விலக்களிக்கவில்லை. 2011 மே மாதம் அந்நீதிமன்றம், அக்டோபர் முதல் அத்துறைமுகம் கரியையும் இரும்புத் தாதுவையும் கையாளக் கூடாதெனக் கட்டளையிட்டது. நல்ல தீர்ப்பே. அதில் நாம் குறை காணவில்லை. ஆனால் கரி ஒழிந்ததா? வடக்கே சில கல் தொலைவிலுள்ள எண்ணூருக்குப் போயிற்று. மின்நிலையங்களுக்குக் கரி இறக்கவென்றே 2001-ல் திறந்த துறைமுகம் அங்கே ஆயத்தமாயிருந்தது.

எண்ணூரில் குடியிருப்பார் இல்லையா? காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் முதலிய மீனவர் குப்பங்கள் இருக்கின்றன. கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்தவர்கள் அவர்கள். எரிந்த கரியின் சாம்பல் அனல்மின் நிலையக் குழாய்களிலிருந்து கசிந்து அக்கழியிலேயே படிந்தது. ஆழம் குறைந்தது, வலையில் மீனோடு சாம்பற் சேறும் ஏறிற்று. அவர்களும் மனு எழுதினர், தெருவில் நின்றனர், வழக்காடினர். 2022-ல் பசுமைத் தீர்ப்பாயம் சாம்பற் கேட்டிற்கு மின்வாரியத்தைப் பொறுப்பாளியாக்கியது. சென்னைத் துறையிலிருந்து கரியை விலக்கச் சில மாதத் தவணை போதுமாயிருந்தது. எண்ணூர்ச் சேற்றை அள்ளச் சொல்லவோ முதல் அனல்மின் நிலையம் எழுந்து எத்தனையோ ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.