படிவத்தில் ஒரு மூன்றாவது கட்டம்

எந்த விண்ணப்பப் படிவத்தையும் எடுத்துப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, அதற்கடுத்து பாலினம். பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் டிக் அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். தமிழகத் திருநங்கைகள் பல வருடங்களாக அரசிடம் மனு மேல் மனு கொடுத்துக் கேட்டது அந்த இடத்தில் இன்னொரு கட்டம்!

ஒரு கட்டத்தில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? வீட்டை விட்டு விரட்டப்பட்டவருக்கு குடும்ப அட்டையில் பெயர் இருக்காது. ரேஷன் கார்டு இல்லையென்றால் முகவரிச் சான்று இல்லை. அது இல்லையென்றால் வங்கிக் கணக்கு முதல் வாடகை வீடு வரை எல்லாமே சிக்கல்தான்.

2006 டிசம்பரில் ஓர் அரசாணை வந்தது. பாலினத்தைக் காரணம் காட்டி பள்ளி, கல்லூரிகளில் இடம் மறுக்கக் கூடாது என்றது அது. 2008 ஏப்ரல் 15 அன்று அரவாணிகள் நல வாரியம் அமைந்தது. இந்தியாவில் இப்படி ஒரு வாரியம் அதுவே முதல் முறை. ரேஷன் கார்டிலும் மூன்றாம் பாலினம் இடம்பெற்றது. சரியாக ஆறு வருடம் கழித்து, 2014இல் அதே ஏப்ரல் 15 அன்று, ஒருவர் தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. 2015இல் பிரித்திகா யாஷினி எஸ்.ஐ. வேலைக்கு விண்ணப்பித்தபோது படிவத்தில் அவருக்கான கட்டம் இல்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் தேர்வு எழுத முடிந்தது. அந்த நவம்பரில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. 2017இல் காக்கி உடுப்பு அணிந்தார்.

அடுத்த கேள்வி இன்னும் கடினமானது. 2015இல் அரசு திருநங்கைகளை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. நல்ல விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் அந்தப் பட்டியலில் ஏற்கெனவே லட்சக்கணக்கானோர் போட்டியிடுகிறார்கள். தலித் திருநங்கைக்கு இது எந்த வகையில் உதவும்? அதனால்தான் கிரேஸ் பானு போன்றவர்கள் 'கிடைமட்ட இட ஒதுக்கீடு' கேட்டுப் போராடினார்கள். அதாவது எஸ்.சி., பி.சி., எம்.பி.சி. என ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் ஒரு பங்கு. மாற்றுத் திறனாளிகளுக்கு இருப்பது போல. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அதையே வழங்கச் சொன்னது.

கட்டம் கிடைத்தால் விண்ணப்பிக்கலாம். இடம் ஒதுக்கினால்தான் உள்ளே நுழையலாம். இரண்டும் ஒன்றல்ல என்பதை இத்தனை வருட மனுக்கள் சொல்கின்றன.