ஹாட் ராட் வண்டிகளின் மட்கார்டு

ஹாட் ராட் என்பது பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வேகத்துக்காகவும் தோற்றத்துக்காகவும் பிரித்து, வெட்டி, மாற்றிக் கட்டிய வண்டி. பெரும்பாலும் அது 1940-க்கு முந்தைய ஃபோர்டாக இருக்கும். இந்தப் பழக்கம் 1930-களில் தெற்குக் கலிபோர்னியாவில் வேர்விட்டது. அந்த வண்டிகளின் உடற்கட்டில் அதிகம் கைவைக்கப்பட்ட பாகம் மட்கார்டு. அதைக் கழற்றிப் போட்டார்கள், குட்டையாக வெட்டினார்கள், சைக்கிளில் இருப்பதுபோல் டயரை ஒட்டி மாட்டினார்கள், பாடியோடு சேர்த்து இழைத்தார்கள், சிலர் கம்பெனியில் வந்தபடியே விட்டும் வைத்தார்கள். மட்கார்டைப் பார்த்தே ஒரு வண்டி எந்தக் காலத்து ரசனையில் கட்டப்பட்டது என்று ஓரளவு சொல்லிவிடலாம். எஞ்சினைப் பார்த்து அப்படிச் சொல்வது கடினம்.

தொடக்கம்

1908 முதல் 1927 வரை ஃபோர்டு மாடல் டி கார்கள் 1.5 கோடி விற்றன. அடுத்து வந்த மாடல் ஏ 1931 வரை ஓடியது. எனவே 1930-களில் பழைய ஃபோர்டு வாங்கக் கையில் பெரிய காசு தேவைப்படவில்லை. லாஸ் ஏஞ்செல்ஸுக்கு வடக்கே மொஹாவி பாலைவனத்தில் மூரோக், எல் மிராஜ் என்ற வறண்ட ஏரிகள் இருந்தன. அவற்றின் கெட்டித் தரை மைல் கணக்கில் பள்ளம் மேடு இல்லாமல் விரிந்து கிடந்தது. வாரக்கடைசியில் இளைஞர்கள் அங்கே போய் வண்டிகளை ஓட்டி வேகம் அளந்தார்கள். 1937-இல் தெற்குக் கலிபோர்னியா டைமிங் சங்கம் அமைந்த பிறகு இதற்கு விதிமுறைகள் வந்தன.

மட்கார்டு, ஃபுட்போர்டு, முன்கண்ணாடி, பானட்டின் பக்கத் தகடு ஆகியவை எடையைக் கூட்டுபவை, காற்றையும் தடுப்பவை. ஏரிக்கரையிலேயே ஸ்பேனரை எடுத்து அவற்றைக் கழற்றிவிட்டு ஓடுவார்கள். ஓட்டம் முடிந்ததும் மறுபடி மாட்டிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் உண்டு. மாட்டாமலே ஊருக்குள் சுற்றியவர்களால்தான், பந்தயத்துக்காகச் செய்த ஒன்று அழகாகப் பார்க்கப்படத் தொடங்கியது.

1932 ஃபோர்டு

மட்கார்டு இல்லாத தோற்றம் எல்லா வண்டிக்கும் பொருந்தியதில்லை. மாடல் ஏ-யில் சேசிஸின் பக்கச் சட்டத்தை ஒரு தகட்டு மறைப்பு மூடியிருக்கும். மட்கார்டையும் மறைப்பையும் எடுத்தால் உள்ளே இருப்பது அழகுக்காகச் செய்யப்படாத வெறும் இரும்பு. 1932-இல் ஃபோர்டு நிறுவனம் அந்த மறைப்பைக் கைவிட்டது. சட்டம் வெளியே தெரியும் என்பதால், அதன் பக்கவாட்டில் மட்கார்டின் வளைவைத் தொடரும் ஓர் எழும்பிய கோட்டை அச்சிட்டே தயாரித்தது. மட்கார்டைக் கழற்றியபோது அந்தக் கோடு முன்னிருந்து பின்வரை முழுதாகத் தெரிந்தது. வண்டி அரைகுறையாக நிற்பதாகத் தோன்றவில்லை. அதே ஆண்டில்தான் 221 கன அங்குல வி8 எஞ்சினும் 65 குதிரைத்திறனோடு மலிவு விலைக் காரில் வந்தது. ‘டியூஸ்’ என்று செல்லப்பெயர் பெற்ற இந்த மாடலின் புகழுக்கு எஞ்சினைக் காரணம் சொல்வதே வழக்கம். அந்தச் சட்டத்துக்கும் அதில் சரிபாதி பங்கு கொடுக்கலாம். மாடல் ஏ பாடியை 1932 சேசிஸ்மேல் ஏற்றிக் கட்டியவர்கள் ஏராளம் என்பதே அதற்குச் சான்று.

கழற்றிய பிறகு வேலை கூடும். 1932 ஃபோர்டின் முன்விளக்குகள் இரண்டு மட்கார்டுகளுக்கும் இடையே ஓடும் கம்பியில் நிற்பவை. அவற்றுக்குத் தனித் தாங்கி செய்ய வேண்டும். பின்பக்கம் பாடியில் உள்ள போல்ட் துளைகளை அடைத்து இழைக்க வேண்டும். ‘சேனலிங்’ செய்தால் சிக்கல் இன்னும் பெரிது. தரைத் தகட்டை வெட்டி, பாடி முழுவதையும் சேசிஸ் சட்டத்தைச் சூழ்ந்தபடி சில அங்குலம் கீழே இறக்கும் முறை அது. இறக்கிய பாடியோடு பழைய மட்கார்டு சேராது. அதையும் அதே அளவு மேலே ஏற்ற வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள்.

குட்டை மட்கார்டும் சைக்கிள் மட்கார்டும்

அமெரிக்காவில் பல மாநிலச் சட்டங்கள் சாலையில் ஓடும் வண்டிக்குச் சேறும் நீரும் தெறிக்காமல் காக்க ஏதாவது ஒரு மறைப்பு வேண்டும் என்கின்றன. போலீஸுக்கும் ரசனைக்கும் இடையே செய்துகொண்ட சமரசம்தான் குட்டை மட்கார்டு.

பின் மட்கார்டில் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் பகுதியை வெட்டுவது எளிய காரியமாகத் தெரியும். ஆனால் கம்பெனித் தகட்டின் ஓரத்துக்குள் ஒரு கம்பி வைத்துச் சுருட்டப்பட்டிருக்கும். தகட்டுக்கு விறைப்புத் தருவது அந்தக் கம்பிதான். வெட்டும்போது அதுவும் போய்விடும். வெட்டிய ஓரத்தை அப்படியே விட்டால் ஓட்டத்தில் அதிர்ந்து விரிசல் விடும். புதுக் கம்பி வைத்து மடிக்கப் போனாலோ, வளைந்த ஓரத்தை உள்ளே திருப்பும்போது தகடு மிஞ்சிச் சுருக்கம் விழும். சூடு காட்டி, அடியில் டாலி என்ற தாங்கு இரும்பைக் கொடுத்துச் சிறு சிறு அடியாகத் தட்டி அதை அடக்க வேண்டும். கைதேர்ந்தவர்கள் வேறு வழி கண்டார்கள். நடுவில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, கம்பியோடு உள்ள பழைய நுனியையே மேலே நகர்த்தி வெல்டிங் செய்தார்கள். முடித்து வண்ணம் அடித்தால் வெட்டிய தடமே தெரியாது.

முன் சக்கரத்துக்கு மோட்டார் சைக்கிள் மட்கார்டையோ, ஸ்டெப்னி டயரின் தகட்டு உறையையோ வெட்டி மாட்டினார்கள். அதன் தாங்கியைப் பிரேக் பின்தகட்டில் பொருத்தினால் சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும். ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால் சாலையின் ஒவ்வொரு குலுக்கலும் நேராக அங்கே வந்து சேரும். தாங்கிகள் உடைவது வாடிக்கை. 1973-இல் வெளியான ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ படத்தில் ஜான் மில்னர் பாத்திரம் ஓட்டும் மஞ்சள் நிற 1932 ஃபோர்டில் இந்த இரண்டையும் பார்க்கலாம்: பின்னால் குட்டை, முன்னால் சைக்கிள்.

இழைத்துச் சேர்த்தவர்கள்

வேகத்தைவிடத் தோற்றத்தையே முதன்மையாகக் கொண்ட இன்னொரு மரபு ‘கஸ்டம்’ எனப்பட்டது. சாக்ரமென்டோவின் ஹாரி வெஸ்டர்கார்ட் அதன் முன்னோடிகளில் ஒருவர். அவரிடம் பழகிய ஜார்ஜ் பேரிஸும் அண்ணன் சாம் பேரிஸும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லாஸ் ஏஞ்செல்ஸ் பகுதியில் பட்டறை போட்டார்கள். ஹாட் ராட்காரர்கள் எடுத்துப் போட்டார்கள் என்றால் இவர்கள் உருக்கி நிரப்பினார்கள். கம்பெனிக் காரில் மட்கார்டு பாடியோடு போல்ட்டில் நிற்கும். இடையே கிறீச்சிடாமல் இருக்க ஒரு பட்டி வரும். கஸ்டம் பட்டறைகள் அந்தப் பட்டியை எடுத்துவிட்டு, இடைவெளியை வெல்டிங்கால் மூடி, மேலே ஈயம் ஏற்றி, இரண்டையும் ஒரே பரப்பாக்கின. 1942 ப்யூக்கின் சில இரண்டு கதவு மாடல்களில் முன் மட்கார்டு கதவைக் கடந்து பின் மட்கார்டு வரை ஓடியது. அதைப் பார்த்துப் பழைய கார்களிலும் அதே நீட்சியைக் கையால் செய்தார்கள்.

இதற்குப் பயன்பட்டது எழுபது பங்கு ஈயமும் முப்பது பங்கு வெள்ளீயமும் சேர்ந்த கலவை. அது 183 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும், 250-ஐத் தாண்டிய பிறகே முழுதும் நீராகும். இடைப்பட்ட சூட்டில் வெண்ணெய்போல் குழையும். அந்தப் பதத்தில்தான் மெழுகு தடவிய மரத் துடுப்பால் வழித்து உருவம் கொடுக்க வேண்டும். சூடு கூடினால் வழிந்து தரையில் விழும், குறைந்தால் பொரியும். ஆறிய பின் அரம் போடுவார்கள். எமரித் தாள் தேய்த்தால் ஈயத்தூள் மூச்சில் போகும்.

இந்த மரபின் உச்சமாகச் சொல்லப்படும் வண்டி, பாப் ஹிரோஹாட்டாவுக்காகப் பேரிஸ் பட்டறை மாற்றிக் கட்டிய 1951 மெர்குரி. கூரை முன்னால் 4 அங்குலமும் பின்னால் 7 அங்குலமும் குறைக்கப்பட்டது. முன்விளக்குகள் மட்கார்டுக்குள் அமிழ்ந்தன. 2022 ஜனவரி ஏலத்தில் அது 21 லட்சம் டாலருக்கு மேல் போனது.

பிற்காலம்

1949 மாடல் ஃபோர்டில் மட்கார்டு பாடிக்குள் கரைந்துவிட்டது. பட்டறை கையால் செய்ததைத் தொழிற்சாலை அச்சிலேயே செய்துவிட்டது. 1950-களில் பள்ளம் நிரப்பும் பாலியெஸ்டர் பட்டி வந்து ஈயத்தின் இடத்தைப் பிடித்தது. பழைய மட்கார்டுகள் தீரத் தீர, ஃபைபர் கிளாஸ் நகல்கள் விற்பனைக்கு வந்தன.

1970-இல் இல்லினாய் மாநிலம் பியோரியாவில், சாலையில் ஓட்டவே கட்டப்பட்ட ‘ஸ்ட்ரீட் ராட்’ வண்டிகளின் முதல் தேசியக் கூட்டம் நடந்தது. பந்தயத்தை விட்டுக் குடும்பத்தோடு நெடுந்தூரம் போவோர் பெருகியதால், மழைக்கும் கல்லுக்கும் தாங்கும் முழு மட்கார்டு திரும்பி வந்தது. 1983-இல் இசட்இசட் டாப் இசைக்குழு ‘எலிமினேட்டர்’ ஆல்பத்தின் அட்டையில் போட்ட சிவப்பு 1933 ஃபோர்டுக்கு நான்கு மட்கார்டும் உண்டு. 1990-களில் பழைய பாணி மீண்டும் தலையெடுத்தபோது கழற்றும் வழக்கமும் கூடவே வந்தது.

கழற்றினால் செலவு மிச்சம் என்று புதிதாகக் கட்ட வருவோர் நினைப்பதுண்டு. நான்கு மட்கார்டும் இரண்டு ஃபுட்போர்டும் வாங்கி, இடைவெளி பார்த்து, வண்ணம் அடிக்கும் செலவு மிச்சம்தான். ஆனால் மறைப்பு போனதும் ஆக்ஸில், ஸ்பிரிங், பிரேக் குழாய், போல்ட் தலை வரை எல்லாமே கண்ணுக்குப் படும். அவை ஒவ்வொன்றையும் தேய்த்து, குரோம் ஏற்றி, குழாய்களை வரிசையாக வளைத்து முடிக்கும்போது மிச்சம் பிடித்த பணம் அங்கேயே போய்விடுகிறது.